சைலன்சர் சத்தம்: கேட்கும் இடம் வேறு, பிறக்கும் இடம் வேறு

தூத்துக்குடியில் கார் வைத்திருப்பவர்களுக்கு உப்புக் காற்று ஒரு கூடுதல் செலவு. மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும்; அடியில் குனிந்து பார்த்தால் புகைக்குழாய் அப்பளம்போல் பொரிந்திருக்கும். அதனாலேயே என் பட்டறைக்குச் சத்தம் என்று வருபவர்கள் தீர்ப்பையும் கையோடு எழுதிக்கொண்டு வருகிறார்கள்: "அண்ணாச்சி, சைலன்சர் போய்விட்டது. புதிதாக மாட்டிவிடுங்கள்."

பல நேரம் சைலன்சர் போயிருக்காது. நாதஸ்வரத்தில் ஓசை பிறப்பது சீவாளியில். நமக்குக் கேட்பது அணசு வழியாக. காரிலும் அப்படித்தான். எஞ்சினில் பிறக்கும் வெடிச் சத்தம் முதலில், எல்லாச் சிலிண்டரின் புகையையும் சேர்த்து வாங்கும் மேனிஃபோல்டுக்கு வருகிறது. பிறகு புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர், அசைந்து கொடுக்கும் ஃப்ளெக்ஸ் குழாய், ரெசனேட்டர் என்னும் சிறு பெட்டி, சைலன்சர் என்னும் பெரிய பெட்டி, கடைசியில் வால்குழாய். இதில் எது கெட்டாலும் பழி விழுவது பின்னால் தொங்கும் பெரிய பெட்டியின் மேல்தான். நான் இருபது ஆண்டுகளாகக் குழிக்குள் இறங்கிக் குழாய் பார்க்கிறேன். அதில் பிடிபட்டதை, எந்தச் சத்தத்துக்கு எதை முதலில் பார்க்க வேண்டும் என்ற வரிசையில் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் செலவு குறைந்த காரணம் முதலில், பர்ஸைக் காலி செய்யும் காரணம் கடைசியில்.

## குனிவதற்கு முன்

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டு வையுங்கள், சக்கரத்துக்குக் கல் கொடுங்கள், ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். ஓடிவந்த வண்டியின் கன்வர்ட்டர் பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும். அரை மணி நேரம் கழித்துத் தொட்டாலும் தோல் உரியும். காலையில், வண்டியை எடுப்பதற்கு முன் பார்ப்பதே நல்லது.

எஞ்சினை ஓடவிட்டுச் செய்யும் சோதனை எதுவானாலும் திறந்த வெளியில் செய்யுங்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது. கதவடைத்த ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டுக் குழாய் பார்ப்பவரை அது எச்சரிக்காது. காருக்குள் புகை வாடை வந்தாலோ, ஓட்டும்போது தலை வலித்து மயக்கமாக இருந்தாலோ இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை. கண்ணாடிகளை இறக்கிவிட்டு, பட்டறைக்குப் போன் செய்யுங்கள்.

கருவி அதிகம் தேவையில்லை. ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ரப்பர் சுத்தியல், சோப்புத் தண்ணீர், பழைய துணி, தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயில் மூன்றடித் துண்டு. அந்தக் குழாய்தான் உங்கள் ஸ்டெதஸ்கோப். ஒரு முனையைக் காதோரம் பிடித்து, மறுமுனையைச் சத்தம் வரும் பக்கம் நகர்த்திக்கொண்டே போனால் கசிவு இருக்கும் இடம் தனித்துக் கேட்கும். ஓடும் பெல்ட், ஃபேன் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

## ஸ்பீடு பிரேக்கரில் "டொக்" என்று இடிக்கிறது

எல்லாவற்றிலும் மலிவான கோளாறு இது. எனவே இதிலிருந்து தொடங்குகிறேன்.

புகைக்குழாய் முழுவதும் காரின் அடிப்பாகத்தில் சில ரப்பர் வளையங்களில் தொங்குகிறது. எஞ்சின் ஆடும்போது குழாயும் ஆட வேண்டும், அந்த ஆட்டம் காரின் உடம்புக்குப் போகக் கூடாது. ரப்பரின் வேலை இதுதான். சூட்டிலும் வெயிலிலும் ரப்பர் வெடித்து ஒன்று அறுந்தால், குழாய் தொங்கிப்போய் ஆக்சிலிலோ தரையின் தகட்டிலோ இடிக்கும்.

சோதனை எளிது. குளிர்ந்திருக்கும்போது வால்குழாயைப் பிடித்து மேலும் கீழும், இடமும் வலமும் ஆட்டுங்கள். இரண்டு விரல் அகலம் ஆடித் திரும்பினால் சரி. எங்காவது தகட்டில் தட்டினால் அந்த இடத்தில் தேய்ந்து மின்னும் தடம் இருக்கும். டார்ச் அடித்தால் தெரியும். ரப்பரை விரலால் இழுத்துப் பாருங்கள். மேலே நன்றாகத் தெரிவது உள்பக்கம் பாதி அறுந்திருக்கும்.

ரப்பர் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். மாட்டும்போது வழுக்குவதற்குச் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கிரீஸ், எண்ணெய் வேண்டாம். ரப்பர் ஊறிக் கெட்டுவிடும். ஒன்று அறுந்திருந்தால் மற்றவையும் அதே வயதுதான், சேர்த்து மாற்றிவிடுங்கள்.

வழியில் அறுந்துவிட்டால் கட்டுக் கம்பியால் கட்டி வீடு வந்து சேரலாம். ஆனால் அந்தக் கம்பியை மறந்து மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் உண்டு. கம்பி ஆடாது. எஞ்சின் அதிர்வு முழுவதையும் நேராகக் காருக்குள் ஏற்றிவிடும், குழாயின் வெல்டிங்கையும் பிளந்துவிடும். இடிக்கும் சத்தம் போய் உறுமும் சத்தம் வந்துவிட்டது என்று வந்தவர்களின் வண்டியில் பலமுறை அந்தக் கம்பியைப் பார்த்திருக்கிறேன்.

### ரப்பர் எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனாலும் இடிக்கிறதா?

ரப்பர் மாட்டும் கம்பிக் கொக்கி துருப்பிடித்து முறிந்திருக்கலாம், வெல்டிங் வேலை. அதுவும் சரியென்றால், எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் எஞ்சின் மவுண்டிங்கைப் பாருங்கள். பானெட்டைத் திறந்துவைத்து, பிரேக்கை அழுத்தியபடி ஒருவர் முதல் கியரில் கிளட்சை மெல்ல, மிக மெல்ல விடட்டும். முன்னால் யாரும் நிற்கக் கூடாது; பக்கவாட்டில் நின்று பாருங்கள். எஞ்சின் ஒரு பக்கம் எழும்பிச் சாய்ந்தால் மவுண்டிங் போய்விட்டது. குழாயைத் தொட வேண்டாம்.

## தகரம் அதிர்வதுபோல் "கரகர" சத்தம்

### ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) மட்டும் வந்து, ரேஸ் கொடுத்தால் மறைகிறதா?

முதல் சந்தேகம் வெப்பத் தடுப்புத் தகடு. குழாயின் சூடு பெட்ரோல் டேங்குக்கும் தரைக்கும் போகாமல் தடுக்க மெல்லிய தகடு மாட்டியிருப்பார்கள். அதன் போல்ட் ஓட்டையைச் சுற்றித் துருப்பிடித்துத் தகடு ஆடத் தொடங்கும். எஞ்சின் ஓடும்போது நீளமான மரக்குச்சியால், பக்கவாட்டில் இருந்து, தகட்டை அழுத்துங்கள். சத்தம் நின்றால் குற்றவாளி அகப்பட்டான். ரேடியேட்டர் ஓஸுக்குப் போடும் பெரிய ஸ்டீல் கிளிப் ஒன்றைக் குழாயையும் தகட்டையும் சேர்த்துச் சுற்றி முறுக்கினால் போதும். தகட்டையே பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். காய்ந்த புல்தரையில் வண்டியை நிறுத்தும்போது அது ஏன் இருந்தது என்பது புரியும்.

அடுத்தது ஸ்பிரிங் போல்ட் இணைப்பு. பல கார்களில் முன்குழாய் சேரும் இடத்தில் கசிவை அடைக்க வளையல்போல் ஒரு கேஸ்கெட்டும், அதை அழுத்திப் பிடிக்க ஸ்பிரிங் போட்ட இரண்டு போல்ட்டும் இருக்கும். ஸ்பிரிங் ஒடிந்தால் கரகரப்பும் வரும், "புஸ்" என்ற கசிவும் வரும். இங்கே சில பட்டறைகள் செய்யும் ஒரு வேலை எனக்குப் பிடிக்காது: ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுச் சாதாரண நட்டு போல்ட் போட்டு இறுக்கிவிடுவது. அன்றைக்குச் சத்தம் நின்றுவிடும். ஆனால் அசைய வேண்டிய மூட்டு அசையாமல் போவதால் சில மாதத்தில் வேறு எங்காவது விரிசல் விடும்.

### கூழாங்கல்லைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்குவதுபோல் இருக்கிறதா?

குளிர்ந்த பிறகு ரப்பர் சுத்தியலால் ஒவ்வொரு பெட்டியையும் தட்டுங்கள். முதலில் சைலன்சர். உள்ளே சத்தத்தைத் திருப்பித் திருப்பி அடித்து அடக்குவதற்காக அறைகளும், துளையிட்ட குழாய்களும் வைத்திருப்பார்கள். அதில் ஒரு தடுப்புத் தகடு விட்டுப்போனால் "டக் டக்" என்று ஆடும். அதைப் பெட்டியைப் பிளந்து ஒட்டுவது வீண் வேலை, பெட்டியை மாற்றுங்கள்.

சைலன்சர் சரி, கன்வர்ட்டரைத் தட்டினால்தான் கலகலக்கிறது என்றால் செலவுக்கு மனத்தைத் தயார்செய்யுங்கள். உள்ளே தேன்கூடுபோன்ற பீங்கான் கட்டி. அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருப்பார்கள். அந்தப் பூச்சால்தான் விலை பத்தாயிரங்களில் போகிறது. கட்டி உடைந்தால் துண்டுகள் பின்னால் போய்ச் சைலன்சரையும் அடைக்கும்.

மாற்றுவதற்கு முன் கேட்க வேண்டியது, அது ஏன் உடைந்தது என்பது. கல்லில் அடித்திருந்தால் வெளியே நெளிவு இருக்கும். நெளிவு இல்லையென்றால், பெரும்பாலும் பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக்கோ, அதற்கு மின்சாரம் கொடுக்கும் காயிலோ சரியாக வேலை செய்யாமல், எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து கட்டியை உருக்கியிருக்கும். அந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் புதிதாக மாட்டினால் புதியதும் உருகும். செக் எஞ்சின் விளக்கு நிலையாக எரிவது வேறு, விட்டுவிட்டு மின்னுவது வேறு. மின்னினால் அந்த உருக்கும் வேலை இப்போதே நடந்துகொண்டிருக்கிறது. ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்து, ஓரமாக நிறுத்துங்கள்.

"உள்ளே இருக்கும் கட்டியை உடைத்துக் கொட்டிவிடலாம், பிக்கப்பும் கூடும்" என்று யாராவது சொன்னால், அவர் அந்தக் கட்டியை என்ன விலைக்கு விற்கப்போகிறார் என்று கேளுங்கள். கன்வர்ட்டர் இல்லாத வண்டி புகைச் சோதனையில் மாட்டும், புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் பின்பக்க ஆக்சிஜன் சென்சார் செக் எஞ்சின் விளக்கை எரியவிடும், வெளியே வரும் புகை கண்ணைக் கரிக்கும்.

## காலையில் "டிக் டிக்", சூடானதும் காணாமல் போகிறது

எனக்கு மிகவும் பிடித்த சத்தம் இது. ஏனென்றால் ஏமாற்றுவதில் இதற்கு நிகர் இல்லை. கேட்பவர்கள் எல்லோரும், எஞ்சினுக்குள் வால்வைத் தள்ளும் டேப்பட்தான் என்பார்கள். டேப்பட் அட்ஜஸ்ட் செய்துவிட்டு வந்து, இன்னும் போகவில்லை என்பார்கள்.

எஞ்சினின் மேல்பகுதியான தலையோடு மேனிஃபோல்டு சேரும் இடத்தில் கேஸ்கெட் கருகியிருந்தாலோ, பிடித்திருக்கும் ஸ்டட் (தலையில்லாத போல்ட்) ஒன்று ஒடிந்திருந்தாலோ, மெல்லிய இடுக்கு விழும். குளிரில் அந்த இடுக்கு வழியாக ஒவ்வொரு வெடிப்பும் "டிக்" என்று வெளியே தெறிக்கும். பத்து நிமிடத்தில் இரும்பு விரிந்து இடுக்கை மூடிவிடும், சத்தம் நின்றுவிடும். வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு வருவதற்குள் சூடாகிவிடுவதால், மெக்கானிக்கின் காதில் அது விழுவதே இல்லை. இந்தச் சத்தத்தோடு வருகிறவர்களிடம் வண்டியை இரவு விட்டுவிட்டுப் போகச் சொல்வது என் வழக்கம்.

வீட்டிலேயே பார்க்கலாம். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் மேனிஃபோல்டின் ஓரங்களில் டார்ச் அடியுங்கள். இணைப்பில் இருந்து தீச்சுவாலைபோல் கறுப்பாகக் கரி படிந்திருந்தால் கசிவு அங்கேதான். இரு ஓரங்களிலும் உள்ள ஸ்டட்களை முதலில் பாருங்கள். சூட்டில் அதிகம் இழுபடுவது அவைதான். பிறகு ஸ்டார்ட் செய்து ரப்பர் குழாயால் கேளுங்கள்.

டேப்பட்டா, கசிவா என்று பிரிக்க இன்னொரு வழி: ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது எஞ்சினுக்குப் பாரம் ஏறும். கசிவென்றால் பாரம் ஏற ஏற "டிக்" உரத்துவிடும். டேப்பட் பாரத்தைப் பொருட்படுத்தாது, வேகத்தை மட்டுமே பின்தொடரும். எஞ்சின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக் ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் பெட்ரோலைச் சில நொடி நிறுத்திப் பார்ப்பார். எந்தச் சிலிண்டரை நிறுத்தும்போது சத்தம் மங்குகிறதோ அதன் வாயில்தான் கசிவு.

நட்டு தளர்ந்திருந்தால் எஞ்சின் குளிர்ந்த நிலையில் இறுக்கலாம், ஆனால் அளவோடு. பழைய ஸ்டட் துருவில் ஊறியிருக்கும். பலம் காட்டினால் தலைக்குள்ளேயே ஒடியும், பிறகு துளையிட்டு எடுக்க வேண்டும். ஸ்டட் ஒடிந்திருந்தால், அல்லது மேனிஃபோல்டிலேயே முடி அளவு விரிசல் தெரிந்தால், கையை எடுத்துவிட்டு விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். மேனிஃபோல்டின் வார்ப்பு இரும்பை வெல்டிங் வைப்பது எல்லோருக்கும் கைவராது. தெரியாமல் வைத்தால் ஒரு மாதத்தில் அதே இடத்துக்குப் பக்கத்தில் மறுபடி விரியும்.

"சூடானால் நின்றுவிடுகிறதே, அப்படியே ஓட்டினால் என்ன?" ஓட்டலாம், மைலேஜை விட்டுக்கொடுத்து. அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்றும் உள்ளே இழுபடும். முன் ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்து, எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று நினைத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் கூடுதலாக ஊற்றும்.

## ஆக்சிலரேட்டரை மிதித்தால் டிராக்டர்போல் உறுமுகிறது

இதுதான் "சைலன்சர் ஓட்டை" என்று எல்லோருக்கும் தெரிந்த சத்தம். ஓட்டை எங்கே என்பதில்தான் பணம் இருக்கிறது.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யுங்கள். நன்றாக மடித்த ஈரத்துணியை, தடித்த கையுறை போட்டுக்கொண்டு, வால்குழாயின் வாயில் நான்கைந்து நொடி அழுத்துங்கள். துணியைத் தள்ளிக்கொண்டு காற்று முட்டினால், எஞ்சின் திணறினால், குழாய் ஏறக்குறைய நன்றாக இருக்கிறது. அடியில் எங்கோ "உஸ்" என்று கேட்டால் கசிவு. துணி வைத்ததே தெரியாமல் எஞ்சின் பாட்டுக்கு ஓடினால், ஓட்டை பெரியது.

இடத்தைக் கண்டுபிடிக்கப் புகையே தேவையில்லை. காற்று ஊதும் வாக்குவம் கிளீனர் இருந்தால், எஞ்சினை நிறுத்திவிட்டு அதை வால்குழாயில் துணி சுற்றிப் பொருத்தி ஊதவிடுங்கள். இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைத் தெளித்தால், சைக்கிள் டியூப் பஞ்சர் பார்ப்பதுபோல் குமிழி வரும். சூடும் இல்லை, விஷப்புகையும் இல்லை.

சைலன்சர் பெட்டியின் அடியில் பென்சில் முனை அளவுக்கு அழகான வட்டத் துளை ஒன்று இருந்தால் அதைத் தொடாதீர்கள். தண்ணீர் வடிவதற்காகத் தயாரிப்பாளரே வைத்தது. அதை எம்-சீல் வைத்து அடைத்துக்கொண்டு வந்த ஒரு பெரியவரிடம், அவர் கைவேலையைப் பாராட்டிவிட்டுத்தான் நான் அதைக் குத்தி எடுக்க வேண்டியிருந்தது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. பள்ளிக்கூடம், காய்கறிக் கடை என்று இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் பெட்டி சூடாவதே இல்லை. அந்த ஆவி உள்ளேயே தண்ணீராக நின்று, சைலன்சரை உள்ளிருந்து அரிக்கும். அதிகம் ஓடாத வண்டிக்குத்தான் சைலன்சர் சீக்கிரம் போகிறது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

### ஓட்டை தெரிந்துவிட்டது. இனி?

ஸ்க்ரூ டிரைவரால் ஓட்டையைச் சுற்றிக் குத்துங்கள். தகடு கெட்டியாக இருந்தால் அந்த ஓட்டை மட்டும்தான் கோளாறு, வெல்டிங் போதும். குத்தக் குத்த உள்ளே போனால் வெல்டிங் வைப்பவருக்கு நெருப்பைப் பிடிக்க இடமே இருக்காது. அந்தப் பகுதியை வெட்டிவிட்டுப் புதுக்குழாய் போட வேண்டும். மேலே பழுப்பு நிறம் படிந்திருப்பதைப் பார்த்தே பயப்பட வேண்டாம். புகைக்குழாய்க்குப் போடும் ஒருவகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் காந்தம் ஒட்டும், மேலே பழுப்பும் ஏறும், ஆனால் உள்ளே உறுதியாக இருக்கும்.

சைலன்சர் பேஸ்ட், கட்டுத் துணி எல்லாம் ஊர் போய்ச் சேர்வதற்கு, நிரந்தரமாக அல்ல. கன்வர்ட்டருக்கு முன்னால் இருக்கும் குழாயில் அவற்றைப் போடவே வேண்டாம். சூடு தாங்காது, பெயர்ந்த துண்டு கன்வர்ட்டருக்குள் போகும்.

வெல்டிங் வைக்கும் இடத்தில் நீங்களும் நில்லுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றச் சொல்லுங்கள். மின்சார வெல்டிங்கில் கம்ப்யூட்டர் கெட்டால் அந்தச் செலவில் நான்கு சைலன்சர் வாங்கலாம். ஆக்சிஜன் சென்சாரின் வயரை ஒதுக்கச் சொல்லுங்கள். தண்ணீர்க் குழாய்க்கான ஜிஐ பைப்பை வெட்டி ஒட்டுகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். துத்தநாகப் பூச்சு எரியும் புகை வெல்டிங் வைப்பவரின் நெஞ்சுக்கே கேடு.

### உடைந்தது ஃப்ளெக்ஸ் குழாயா?

முன்பக்கம், வலை பின்னியதுபோல் இருக்கும் சிறு குழாய் அது. வலை பிரிந்து கம்பி நூல் தொங்கினால் உடைந்துவிட்டது. அதை வெட்டி வேறு வைப்பது அரை நாள் வேலைகூட இல்லை. ஆனால் அது தானாக உடைவது குறைவு. எஞ்சின் மவுண்டிங் தளர்ந்து, எஞ்சின் தன் இஷ்டத்துக்கு ஆடியதால் உடைந்திருக்கும். ஒரே வண்டிக்கு ஒரே ஆண்டில் மூன்று ஃப்ளெக்ஸ் குழாய் மாற்றிவிட்டு வேறொரு பட்டறையில் இருந்து இங்கே வந்தார் ஒருவர். மவுண்டிங்கை மாற்றினோம். நான்காவது குழாய் இன்னும் ஓடுகிறது.

## ஒரே ஒரு வேகத்தில் மட்டும் காதை அடைக்கும் ரீங்காரம்

எழுபதில் இல்லை, எண்பதில் இருக்கிறது, தொண்ணூறில் மறுபடி இல்லை. இப்படியானால் முதலில் அது குழாயின் சத்தம்தானா என்று பார்க்க வேண்டும். அதே எண்பதில் ஒரு கியர் குறைத்துப் பாருங்கள். ரீங்காரம் மாறினால் எஞ்சின் பக்கம். மாறவில்லையென்றால் டயர் அல்லது வீல் பேரிங். இந்தக் கட்டுரையில் உங்களுக்கு வேலை இல்லை. அடுத்து, நின்ற இடத்தில் நியூட்ரலில் அதே ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) வரை ரேஸ் கொடுங்கள். அங்கேயும் வந்தால் குழாய் எங்காவது காரின் தகட்டைத் தொடுகிறது, அல்லது ரப்பரோ மவுண்டிங்கோ கல்லாக இறுகிவிட்டது.

அவையும் சரியென்றால் ஒரு கேள்வி கேட்பேன்: அண்மையில் சைலன்சரை மாற்றினீர்களா? பெரும்பாலும் தலை கவிழும், அல்லது மகன் பக்கம் திரும்பும்.

நான்கு சிலிண்டர் எஞ்சின் 3,000 ஆர்பிஎம்மில் ஓடும்போது நொடிக்கு 100 முறை வெடிக்கிறது. மூன்று சிலிண்டர் என்றால் அதே வேகத்தில் 75. இந்த ஆழமான அலைகளில் எது காரின் கூட்டுக்குள் எதிரொலிக்கும் என்று பார்த்து, அதைக் குறிவைத்து விழுங்கும்படி ரெசனேட்டரின் அளவை முடிவுசெய்திருப்பார்கள். வெளியில் இருந்து பார்த்தால் அது வெறும் பருத்த குழாய். "இதில் ஒன்றுமில்லை" என்று வெட்டி எறிந்துவிட்டு நேர்க்குழாய் வைத்தால், முதல் நாள் கம்பீரமாக இருக்கும். மதுரைக்கு ஒருமுறை போய்வந்தால் தலைவலி மாத்திரை தேவைப்படும். கண்ணாடி இழை அடைத்த நேர்க்குழாய் சைலன்சர்கள் கூர்மையான சத்தத்தை நன்றாகவே குடிக்கும். இந்த அடித்தொண்டைச் சத்தம் அவற்றுக்கு அடங்காது. இழை கருகிக் குழாய் வழியே பறந்து போகப் போக, கூர்மையான சத்தமும் கூடிவிடும்.

தீர்வு, வெட்டியதைத் திரும்ப வைப்பதுதான். பழைய ரெசனேட்டர் இல்லையென்றால் அதே மாடலுக்கு உரியதை வாங்குங்கள். முனை மூடிய பக்கக்குழாய் ஒன்றை ஒட்டி அந்த ஒரு ரீங்காரத்தை மட்டும் அடக்கும் வித்தையும் உண்டு. 100 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 100 அலை வரும் சத்தத்துக்குச் சூடான புகையில் அந்தக் குழாய் ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டர் நீளம் வேண்டும். சிறிய காரின் அடியில் அதற்கு இடம் தேடுவதைவிட ரெசனேட்டர் மலிவு.

சத்தத்துக்காகவே மாற்றியிருந்தால் சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில், சத்தம், புகை விதிகளை மீறிய வண்டியை ஓட்டினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதம் போகும்.

## வால்குழாயில் "புட்... புட்... புட்" என்று தாளம் தப்புகிறது

குழாய் கெடவில்லை, குழாய் உண்மையைச் சொல்கிறது. ஐடிலில் வால்குழாய் முன் ஒரு காகிதத்தைப் பிடியுங்கள். ஒரே சீராக வெளியே தள்ளினால் நல்லது. ஒழுங்கில்லாமல் துடித்தால் ஒரு சிலிண்டர் சரியாக வெடிக்காமல் மிஸ் ஆகிறது. இடையிடையே காகிதத்தை உள்ளே இழுத்தால் வால்வு சரியாக மூடாமல் இருக்கலாம்.

பிளக், பிறகு காயில், பிறகு இன்ஜெக்டர் என்ற வரிசையில் பாருங்கள். தனித்தனிக் காயில் உள்ள எஞ்சினில் சந்தேகப்படும் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றி மாட்டிப் பார்க்கலாம். ஸ்கேனரில் பி0302 என்று இருந்தது பி0303 ஆக மாறினால், கோளாறு காயிலோடு சேர்ந்து இரண்டாவது சிலிண்டரில் இருந்து மூன்றாவதற்குப் போய்விட்டது என்று பொருள். இவை மூன்றும் நன்றாக இருந்தால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம், பார்க்க வேண்டும். அது பட்டறை வேலை.

## காலை எடுத்ததும் "பட் பட்" என்று வெடிக்கிறது

சிஎன்ஜி, எல்பிஜி மாட்டிய வண்டியென்றால் முதலில் பிளக்கும் டியூனிங்கும். பெட்ரோல் வண்டியென்றால் குழாய் இணைப்பில் கசிவு. வெளிக்காற்று உள்ளே போய், மீதமிருக்கும் பெட்ரோலை எரியவைக்கிறது. மேலே சொன்ன சோப்புத் தண்ணீர்ச் சோதனைதான். கம்ப்யூட்டரில் மென்பொருள் மாற்றி வேண்டுமென்றே வெடிக்கவைத்திருந்தால், அதை மாற்றியவரிடமே போங்கள். கன்வர்ட்டருக்கு ஒவ்வொரு வெடியும் ஒரு சாட்டையடி.

## சத்தம் குறைந்துவிட்டது, கூடவே பிக்கப்பும்

சத்தம் கூடினால் வருகிறார்கள். குறைந்தால் யாரும் வருவதில்லை. ஆனால் மூக்கடைத்தவர் பேசுவதுபோல் சத்தம் மங்கி, மேடு ஏறத் திணறினால் வழி எங்கோ அடைபட்டிருக்கிறது.

வால்குழாய்க்குள் டார்ச் அடியுங்கள். பல மாதம் நின்ற வண்டியில் குளவி மண்கூடு கட்டியிருக்கும், எலி துணியைத் திணித்திருக்கும். பிறகு குழாய் முழுவதும் பாருங்கள். கல்லில் அடித்து நசுங்கிய இடம் இருக்கலாம். இரண்டும் இல்லையென்றால் கன்வர்ட்டர். இதை வீட்டில் தீர்மானிக்க முடியாது. முன் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் அழுத்தமானி மாட்டுவோம். 2,500 ஆர்பிஎம்மில் மூன்று பிஎஸ்ஐக்கு மேல் காட்டினால் புகை வெளியேற வழியில்லை. சென்சார் இல்லாத அந்தத் துளையோடு ஓட்டும்போது வண்டி பழையபடி பறந்தால் அதுவே சாட்சி. இந்த அளவைக் கையில் வைத்துக்கொண்டுதான் கன்வர்ட்டர் மாற்றச் சம்மதிக்க வேண்டும். கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று ஸ்கேனர் சொல்லும் பி0420 என்ற எண்ணை மட்டும் காட்டி மாற்றச் சொன்னால், கசிவும் சென்சாரும் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள்.

### டீசல் வண்டியா?

2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு வாங்கிய டீசல் கார் என்றால் கரித்தூள் வடிகட்டி இருக்கும். அது நிறைந்ததும் தானாகச் சூடேற்றிக் கரியை எரிக்கும். அப்போது ஐடில் வேகம் கூடும், சத்தம் கட்டையாகும், நிறுத்திய பிறகும் ஃபேன் ஓடும், சூட்டு வாடை வரும். கோளாறு அல்ல. முடிகிற வரை, பதினைந்து இருபது நிமிடம், நெடுஞ்சாலையில் சீராக ஓட்டுங்கள். வடிகட்டி விளக்கு எரிந்து அணையாவிட்டால் சர்வீஸ் மையத்துக்குப் போங்கள்; சுத்தியலும் வெல்டிங்கும் அதன் பக்கம் போகக் கூடாது.

## மழைக்குப் பிறகு கொப்புளிக்கும் சத்தம்

காலையில் வால்குழாயில் இருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிவது இயல்பு. ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று நிமிடம் "களக் களக்" என்று கேட்டு நின்றால் அதுவும் அப்படியே. கொஞ்ச தூரம் அதிகம் ஓட்டினால் காய்ந்துவிடும்.

நின்ற வண்டியில் வெள்ளம் வால்குழாய்க்கு மேல் ஏறியிருந்தால் கதை வேறு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் ஊரிலேயே எத்தனையோ கார்கள் அப்படி நின்றன. தண்ணீர் வடிந்ததும் "ஓடுகிறதா என்று பார்ப்போம்" என்று சாவியைத் திருப்பியவர்கள்தான் அதிகம் செலவு செய்தார்கள். குழாயில் தண்ணீர் நிற்பது சின்னச் செலவு. காற்று உள்ளே போகும் வழியில் நுழைந்த தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் கனெக்டிங் ராடு வளையும். ஸ்டார்ட் செய்யாதீர்கள், தள்ளி ஸ்டார்ட் செய்யவும் பார்க்காதீர்கள். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, இழுவை வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். பட்டறையில் பிளக்கைக் கழற்றி எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்த பிறகுதான் குழாயை இறக்கிக் கவிழ்க்க வேண்டும்.